பார்ன் டான்ஸ் பார்ட்டிக்கு டெகரேஷன்: எதுக்கு காசு போடலாம், எதை விட்டுடலாம்

போன செப்டம்பர்ல எங்க பக்கத்து பண்ணைக்காரங்களுக்கு கல்யாணமாகி 40 வருஷம் ஆச்சு, அவங்க மக கொலம்பஸ்ல இருக்கா, ஒருநாள் போன் பண்ணி பார்ன்ல, அதாவது பண்ணைக் கொட்டகைல, பழைய மாதிரி டான்ஸ் வெச்சு கொண்டாடலாம்னு இருக்கோம், டெகரேஷன் நீங்க பாத்துக்கறீங்களான்னு கேட்டா. வருஷா வருஷம் எங்க வீட்டு கொலுவ பாத்துட்டு போறவ, அந்த நம்பிக்கை. நானும் அமெரிக்காவுல இந்த ஒஹையோல இத்தனை வருஷம் குப்பை கொட்டியாச்சே, ஒரு கொட்டகைய ஜோடிக்க தெரியாதான்னு சரின்னுட்டேன். அப்புறம் நெட்ல தேட ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் போட்டோ எடுக்கறதுக்கான டெகரேஷன், ஆடறவங்களுக்கு எது தோதுன்னு ஒருத்தரும் சொல்லல. அதனால நாங்க எதையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு வெச்சு பாத்தோம், கடைசில எதை எடுத்தோம், எதுல அடி வாங்கினோம்னு எழுதி வெக்கறேன், அடுத்து யாராவது மாட்டினா உதவும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பார்ன் டான்ஸ்னா டிஜே போட்டு நின்ன எடத்துல குதிக்கறது இல்ல. ஃபிடில், பேன்ஜோ வாசிப்பாங்க, காலர்னு ஒருத்தர் மைக்ல அடுத்து என்ன ஸ்டெப்னு சொல்லிட்டே இருப்பார், கூட்டம் அதைக் கேட்டு ஆடும். ஸ்கொயர் டான்ஸ்னா நாலு ஜோடி சதுரமா நிக்கும், கான்ட்ரான்னா ரெண்டு நீள வரிசை. கோலாட்டத்துல ஜோடி மாறி மாறி போவாங்கல்ல, குச்சி இல்லாம அதை நினைச்சுக்கோங்க. டோ-சி-டோன்னு கத்துவாங்க, முதுகும் முதுகுமா சுத்தி வரணும், அந்த வார்த்தையே முதுகுக்கு முதுகுங்கற பிரெஞ்சு வார்த்தைலேர்ந்து வந்ததுதான். 8 பேர் கைகோத்து வேகமா சுத்தற எடத்துல நடுவுல அழகா ஒரு பீப்பாய் வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க. நான் முதல்ல போட்ட பிளான்ல நடுவுல பீப்பாய் இருந்துச்சு! அந்த பிளானை பாத்துட்டு பண்ணைக்காரப் பெரியவர் ஒண்ணும் சொல்லல, பென்சிலை எடுத்து பீப்பாயை சுத்தி ஒரு வட்டம் போட்டு, அப்படியே அம்புக்குறி போட்டு சுவத்தோரமா கொண்டுபோய் விட்டார்.

ஆக முதல் கேள்வி பார்னுக்கு உள்ளயா வெளிய புல்வெளியிலயா. மகளுக்கு வெளியதான் ஆசை, சூரியன் மறையற நேரம், சோளக்காடு பின்னாடி, போட்டோ அள்ளும். நானும் முதல்ல அந்தப் பக்கம்தான். ஆனா செப்டம்பர் கடைசி வாரம் எங்க பக்கம் ஏழரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிடும், எட்டு மணிக்கு பனி எறங்கி புல்லு ஈரமாயிடும், ஈரப்புல்லுல பூட்ஸ் போட்டு சுத்தினா வழுக்கல்தான், அதுவும் வந்தவங்கள்ல பாதி பேர் அறுபது தாண்டினவங்க. புல்லு மேல வாடகைத் தரை போடலாம், 3 அடிக்கு 3 அடி பலகைங்கள ஒண்ணோட ஒண்ணு கோத்து போடுவாங்க. நாலு ஸ்கொயர் ஒரே நேரத்துல ஆட எங்களுக்கு 24க்கு 24 அடி வேணும், அப்படின்னா 64 பலகை, சொன்ன விலை 1100 டாலர். ப்ளைவுட் ஷீட் வாங்கி நாமளே போடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார், நிலம் சமமா இல்லாத எடத்துல ப்ளைவுட் முனை தூக்கிக்கும், ஒரு கால் இடறினா 8 பேரும் விழுவாங்க, வேணாம்னுட்டேன்.

இங்க மேட்டுச் சரிவ ஒட்டிக் கட்டின பேங்க் பார்னுங்க நிறைய உண்டு, பெரியவரோடதும் அதான், கீழ மாடு கட்ட, மேல கதிரடிக்க. அந்தக் காலத்துல மேல் தளத்து பலகை மேலதான் கதிரை அடிச்சு தானியம் பிரிப்பாங்க, அதாவது நம்ம ஊர் களம், கூரையோட. அறுப்பு முடிஞ்சா அதே எடத்துல டான்ஸ். அப்ப பாருங்க, ஆடறதுக்குன்னே இருக்கற மாதிரி 24க்கு 40 அடி மரத்தரை சும்மா கெடக்கு, நான் 1100 டாலருக்கு பலகை வாடகை பேசிட்டிருக்கேன். இந்த ஊர் பழைய ஆட்டத்துல கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டுக்கு அப்படி ஒரு பித்து, மிச்சிகன்ல டியர்போர்ன்ங்கற ஊர்ல அதுக்குன்னு ஒரு ஹாலே கட்டினார், தரை தேக்கு, அந்த அளவுக்கு தரை மேல கவனம். நாங்க தரையைக் கூட்டி, ஆணி தலை தூக்கியிருந்ததை எல்லாம் அடிச்சு எறக்கி, கடைசில சோளமாவு கொஞ்சம் தூவினோம், கால் சுளுவா திரும்பும், இது பழைய வித்தை. ஆனா அளவா, கை தாராளமானா ஸ்கேட்டிங்தான்.

இதுல ஒரு விஷயம், உங்க பார்ட்டி ஜூன் ஜூலைல இருந்தா இந்த முடிவு மாறலாம். பார்ன் உத்தரத்துல தகைவிலான் குருவி மண்ணுல கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கும், முட்டையோ குஞ்சோ இருக்கற கூட்டைக் கலைக்கக் கூடாது, 1918ல போட்ட வலசைப் பறவைச் சட்டம் இருக்கு, கலைச்சா குத்தம். கலைக்காம விட்டா கீழ நிக்கறவங்க தலை மேல என்ன விழும்னு சொல்ல வேண்டியதில்ல. எங்களுக்கு செப்டம்பர்ங்கறதால குருவியெல்லாம் தெக்க கெளம்பிடுச்சு, காலிக் கூடு மட்டும்தான். ஜூன்னா நான் வெளிய டென்ட்டுக்கே போயிருப்பேன். கடைசில நாங்க ரெண்டையும் கலந்துதான் பண்ணினோம், ஆட்டம் உள்ள, சாப்பாடும் அரட்டையும் வெளிய, நடுவுல பெரிய கதவு ரெண்டையும் முழுசா தொறந்து விட்டாச்சு, வெளிய உக்காந்தவங்களுக்கு உள்ள நடக்கறது மேடை மாதிரி தெரிஞ்சுது.

இப்ப லைட். டெகரேஷன்ல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா கண்ண மூடிட்டு இதுக்குப் போடுங்க. மரச்சுவர் மேல மஞ்ச வெளிச்சம் விழுந்தாலே பாதி வேலை முடிஞ்சுது, வேற ஜோடனையே வேணாம். நமக்கு சீரியல் செட்னா சின்ன சின்ன பல்பு ஞாபகம் வரும், இங்க இதுக்கு போடறது கோலிசோடா பாட்டில் அடிப்பக்கம் மாதிரி குண்டு பல்பு, 48 அடி வயர்ல 15 பல்பு தொங்கும். இழை பல்பா எல்இடியான்னுதான் போட்டி. இழை பல்போட வெளிச்சம் நிஜமாவே அழகு, எல்இடி எவ்வளவுதான் காப்பி அடிச்சாலும் அந்த நெருப்பு நிறம் முழுசா வராது, ஒத்துக்கறேன். ஆனா கணக்கு பாருங்க. ஒரு இழை பல்பு 11 வாட், 15 பல்பு 165 வாட், எங்களுக்கு வேண்டியது ஆறு செட், ஆக 990 வாட். பெரியவர் பார்னுக்கு வீட்லேர்ந்து போறது ஒரே ஒரு 15 ஆம்பியர் லைன், இங்க 120 வோல்ட், அப்ப மொத்தமே 1800 வாட், தொடர்ந்து மணிக்கணக்கா எரியறதுக்கு அதுல 80 சதவீதம்தான் எடுக்கணும், 1440. இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னாடி போட்டது. முதல்ல என்ன நடந்துச்சுன்னா ரெண்டு நாள் முன்னாடி ட்ரையல் பாத்தோம், வீட்ல கெடந்த இழை பல்பு செட்டு ஆறையும் மாட்டி எரிய விட்டாச்சு, ஆகா ஓகோன்னு எல்லாரும் கைதட்டினோம், பெரியவரோட வீட்டம்மா சந்தோஷத்துல காபி போடறேன்னு பெரிய காபி பாத்திரத்தை பிளக்ல சொருகினாங்க, அது மட்டுமே 1500 வாட், டப்புன்னு மொத்தமும் இருட்டு. இருட்டுல யாரோ ஒருத்தர் காபி வேணாம்னார்.

மறுநாளே எல்இடி வாங்கினோம், அதே 48 அடி, பல்புக்கு 1 வாட்தான், ஆறு செட்டும் சேர்ந்து 90 வாட். மிச்சத்துல பேண்டோட ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் ஃபேனும் தாராளமா ஓடுச்சு, காபிக்கு வீட்லேர்ந்து தனி லைன். வாங்கும்போது 2200லேர்ந்து 2700 கெல்வின்னு (வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு) பெட்டியில போட்டிருக்கறதா பாருங்க, அதுக்கு மேல போனா ஆஸ்பத்திரி வெளிச்சம், பூச்சியும் வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் அதிகம் வரும். கண்ணாடி பல்பு வேணாம், ஆடற எடத்துக்கு மேல தொங்கறது பிளாஸ்டிக்கா இருக்கட்டும். வயரை மட்டும் இழுத்துக் கட்டினா நடுவுல தொய்ஞ்சு தொங்கும், முதல்ல ஒரு ஸ்டீல் கம்பியை இறுக்கிக் கட்டி அதுல கொக்கி போட்டு மாட்டணும், 10 அடி உயரத்துக்கு கீழ எதுவும் வரக்கூடாது, ஆட்டத்துல கையத் தூக்கி வளைவு பிடிப்பாங்க, வளர்ந்த ஆளுங்க கை எங்க வரை போகும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அரிக்கேன் லைட், மெழுகுவத்தி, ஜாடிக்குள்ள தீபம் இதெல்லாம் போட்டோல மயக்கும். பார்னுக்குள்ள நெருப்பு வேணவே வேணாம், இதுல ஒப்பிடவே ஒண்ணும் இல்ல. 1871 சிகாகோ தீ விபத்து ஒரு பார்ன் பக்கத்துலேர்ந்துதான் தொடங்குச்சு. பசு லாந்தரை உதைச்சதாலன்னு சொல்ற கதை ஒரு நிருபர் கட்டி விட்டது, பாவம் அந்த பசுவும் அதை வளத்த அம்மாவும் நூறு வருஷத்துக்கு மேல பழி சுமந்தாங்க, 1997லதான் நகர சபை அவங்க மேல தப்பில்லன்னு தீர்மானம் போட்டுச்சு. பசு உதைக்கலன்னாலும் வைக்கோல் இருக்கற எடத்துல லாந்தர் லாந்தர்தான். பாட்டரி தீபம் பத்து போட்டோம், வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியல.

உக்கார என்ன போடறதுங்கறதுலதான் எங்க வீட்டுல சண்டையே வந்துச்சு. எல்லாரும் ஹே பேல் ஹே பேல்னு சொல்றாங்க, பேல்னா கட்டு, நான் மாட்டுத்தீவனம் விக்கற ஃபீட் கடைக்குப் போய் ஹே பேல் வேணும்னு கேட்டா, மாட்டுக்கா உக்காரவான்னு திருப்பிக் கேட்டார் கடைக்காரர். உக்காரன்னா ஸ்ட்ரா வாங்கிட்டு போங்கன்னார். அப்பதான் புரிஞ்சுது, ஹேங்கறது காயவெச்ச புல்லு, மாட்டுக்கு தீனி, ஸ்ட்ராங்கறது தானியம் எடுத்தப்புறம் நிக்கற தட்டை, நம்ம வைக்கோல். கும்பகோணம் பக்கத்துல பொறந்து வைக்கோல்போர்ல சறுக்கு விளையாடினவளுக்கு ஒஹையோக்காரர் வந்து வைக்கோல்னா என்னன்னு சொல்லித்தர வேண்டியிருக்கு. ரெண்டும் கட்டு ஒரே சைஸ், மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஆனா ஹே கட்டு பச்சையா வாசனையா இருக்கும், 60 பவுண்டு கனம், விலை கூட, மகரந்தமும் விதையும் ஒட்டியிருக்கும், தும்மல் வர்றவங்களுக்கு ஆகாது. ஸ்ட்ரா கட்டு நல்ல தங்க நிறம், 40 பவுண்டு, எங்களுக்கு கட்டு 7 டாலருக்கு கெடச்சுது. ஈரமா கட்டின ஹே உள்ளுக்குள்ள சூடேறி தானாவே தீப்பிடிக்கும், ஈர வைக்கோல்போர்ல கைய விட்டா சுடுமே, அதே கதைதான். எதை வாங்கினாலும் கை உள்ள விட்டு பாத்து வாங்குங்க, கதகதன்னு இருந்தா அந்த கட்டு வேணாம்.

கட்டு மட்டுமே போதும்னு இவர், நாற்காலியும் வேணும்னு நான். கட்டு ஒன்றரை அடி உயரம் கூட வராது, முட்டி வலி இருக்கறவங்க உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணும். கடைசில 16 கட்டும், இங்க ஒரு சர்ச்லேர்ந்து எரவல் வாங்கின 40 மடக்கு நாற்காலியும். வைக்கோல் கட்டுங்களை ஆடற எடத்தைச் சுத்தி எல்லை மாதிரி போட்டோம், அப்ப அதுவே டெகரேஷன், குழந்தைங்க நடுவுல ஓடி வராம தடுப்பும் ஆச்சு. வெறும் வைக்கோல்ல ஃப்ராக் போட்டு உக்கார முடியாது, தொடையில குத்தும், மேல விரிக்க க்வில்ட், அதாவது ஒட்டுத்துணி தைச்ச போர்வை, வாங்கலாம்னு பாத்தா ஒண்ணு ஒண்ணும் கொள்ளை விலை. எங்க வீட்டு பரண்ல பவானி ஜமக்காளம் அஞ்சு கெடந்துச்சு, அம்மா ஒவ்வொரு தடவையும் பெட்டியில திணிச்சு அனுப்பினது, செவப்பும் பச்சையும் நீலமுமா பட்டை பட்டையா, அதை நாலா மடிச்சு கட்டு மேல போட்டேன். அதைத்தான் எல்லாரும் தடவித் தடவி பாத்து எந்த பண்ணைச் சந்தையில வாங்கினீங்கன்னு கேட்டாங்க.

ஒரு எச்சரிக்கை, கட்டைச் சுத்தி இருக்கற கயிறுதான் அதுக்கு உயிர். ராத்திரி ஒன்பது மணி வாக்குல ஒரு பையன் சும்மா இருக்க முடியாம கத்திய வெச்சு கயிற அறுத்துட்டான், ரெண்டு பேர் உக்காந்திருந்த கட்டு அப்படியே பொலபொலன்னு சரிஞ்சு ரெண்டு பேரும் தரையில, தரை முழுக்க வைக்கோல். மரத்தரையில வைக்கோல்னா சோப்பு மாதிரி, பேண்டை நிறுத்தி கூட்டித் தள்ள கால் மணி நேரம்.

மேசைத்துணிக்கு வர்றேன், இது சீக்கிரம் முடியற விஷயம். பர்லாப்னு ஒரு துணிய கிராமத்து ஸ்டைல், ரஸ்டிக் ரஸ்டிக்னு யார்டு கணக்குல விக்கறாங்க. அது என்னன்னு பாத்தா சணல் கோணி. அரிசி மூட்டை கோணிய பிரிச்சு கால் மிதியடி போட்ட வம்சம் நாம, அதை காசு குடுத்து வாங்கி சாப்பாட்டு மேசைல விரிக்க எனக்கு மனசே வரல, போகட்டும், அது தவிரவும் பனி பட்டா நாத்தம் அடிக்குது, நார் உதிருது, சாஸ் சிந்தினா போகாது. செவப்பு வெள்ளை கட்டம் போட்ட கிங்கம் துணி அழகுதான், துவைச்சு அடுத்த வருஷமும் போடலாம், அடிக்கடி பார்ட்டி வெக்கறவங்கன்னா அதை வாங்குங்க. ஒரு தடவைக்குத்தான்னா காக்கி நிறத்து பேப்பர் ரோல் போதும், நீளமா விரிச்சு நாலு கிரேயான் போட்டு விட்டா குழந்தைங்க ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்காது, முடிஞ்சதும் சுருட்டிப் போட்டுடலாம். நாங்க பேப்பர்தான்.

பூவுக்கு கடைக்காரங்ககிட்ட போகாதீங்க. எங்களுக்கு ஹோம்ஸ் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிட்ட, அங்க ஆமிஷ்னு பழைய முறைல வாழற கிறிஸ்தவக் குடும்பங்க நிறைய, அந்த வீட்டுக்காரங்க ரோட்டோரமா மேசை போட்டு சூரியகாந்தியும் ஸின்னியாவும் வெச்சிருப்பாங்க, காசு போட பக்கத்துல ஒரு டப்பா, ஆளே இருக்காது. சூரியகாந்தியில மகரந்தம் உதிராத ரகம்னு கேட்டு வாங்குங்க, இல்லேன்னா மேசை முழுக்க மஞ்சப் பொடி. காட்டுப்பூ நாமளே பறிச்சா காசு மிச்சம்னு வெள்ளையா குடை மாதிரி விரியற குவீன் ஆன்ஸ் லேஸ் பறிக்கப் போனேன், பெரியவர் ஓடி வந்து தண்டைப் பாருன்னார். தண்டுல பூனை ரோமம் மாதிரி இருந்தா சரி, வழவழன்னு ஊதாப் புள்ளி இருந்தா அது ஹெம்லாக், விஷம், சாப்பாட்டு மேசை பக்கமே வரக்கூடாது. தெரியாதவங்க ஸின்னியாவோட நிறுத்திக்கறது நல்லது.

பூ வெக்க மேசன் ஜார், மறை மூடி போட்ட கண்ணாடி ஜாடி. 1858ல மறை போட்ட மூடிக்கு காப்புரிமை வாங்கினவர் பேர்தான் மேசன். இதைப் புதுசா ரெண்டு டஜன் வாங்கறது வீண், ஊறுகாய் ஜாம் போடற எந்த கிழவியம்மாகிட்ட கேட்டாலும் நிலவறையில நூறு வெச்சிருப்பாங்க. சின்ன பைன்ட் சைஸ்ல சூரியகாந்தி வெச்சா தலைகனத்துல கவுந்துடும், அதுல ரெண்டு மடங்கு பிடிக்கற குவார்ட் எடுங்க, அடியில ரெண்டு கூழாங்கல். கூல்டிரிங்ஸ் வெக்க மாட்டுக்குத் தண்ணி காட்டற துத்தநாகம் பூசின தகரத் தொட்டி ஜோரா இருக்கும், ஐஸ் போட்டு கேன் அடுக்கலாம், ஆனா லெமனேடை நேரா அதுல ஊத்தாதீங்க, புளிப்பு துத்தநாகத்தைக் கரைச்சு வயித்தைக் கெடுக்கும். பாத்துட்டு இருக்கும்போதே ஒருத்தர் ஜக்கோட கெளம்பினார், கையப் பிடிச்சு நிறுத்தினேன்.

வண்டிச் சக்கரம், துருப்பிடிச்ச பால் கேன், பழைய மாதிரி பெயின்ட் அடிச்ச பலகைல ஏதாவது வாசகம், இதெல்லாம் வாடகைக்கு விடற கடைல ஒரு செட்டுக்கு 300 டாலர் கேட்டாங்க. மக ஆசைப்பட்டா. எனக்கென்னமோ நிஜ பண்ணைல போய் பொய் பண்ணை செட் போடறது மாதிரி இருந்துச்சு. சொல்லப் போனா இந்த பொய்யும் புதுசில்ல, 1924லயே சிகாகோல டபிள்யூஎல்எஸ் ரேடியோ பார்ன் டான்ஸ்ங்கற பேர்லயே நிகழ்ச்சி போட்டுச்சு, அந்த ஸ்டேஷனை ஆரம்பிச்சது தபால்ல சாமான் விக்கற சியர்ஸ் கம்பெனி, மறுவருஷம் நாஷ்வில் ஊர் ரேடியோவும் அதே மாதிரி தொடங்குச்சு, அதுதான் பின்னாடி கிராண்ட் ஓல் ஓப்ரிங்கற பேர் போன கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சி ஆச்சு. அதனால டவுன்ல ஹால் எடுத்து பண்றவங்க தாராளமா வாடகைக்கு எடுங்க, அங்க அந்த சாமான் இல்லேன்னா வெறும் ஹால். பார்ன்லயே பண்றவங்க முதல்ல பார்னோட மூலை முடுக்கெல்லாம் பாருங்க. எங்களுக்கு மாடிப்படி கீழ ஒரு பழைய நுகத்தடியும், பெரியவரோட அப்பா வெச்சிருந்த அரிவாளும், கண்ணாடி ஒடைஞ்ச ரெண்டு லாந்தரும் கெடச்சுது, தூசு கூட முழுசா தொடைக்கல, அப்படியே சுவத்துல மாட்டினோம். அரிவாளை மட்டும் கைக்கெட்டாத உயரத்துல. அந்த நுகத்தடி முன்னாடி நின்னுதான் அவங்க ரெண்டு பேரும் கேக் வெட்டினாங்க, கல்யாணம்னாலே இதுதானேன்னு யாரோ கிண்டல் பண்ண, அந்தம்மா ஆமான்னு சொல்லி பெரியவர் கழுத்தை லேசா தட்டினாங்க.

மொத்தச் செலவு லைட், கம்பி, கொக்கி எல்லாம் சேர்த்து 260, வைக்கோல் 112, பூ 45, பேப்பர் ரோலும் சில்லறையும் 30, ஆக 447 டாலர். வெளியவே பண்ணியிருந்தா தரைக்கு மட்டும் இதுல ரெண்டரை மடங்கு.

பார்ட்டி முடிஞ்சு 16 கட்டுல ஒண்ணு அந்தப் பையன் புண்ணியத்துல போச்சு, மிச்சம் 15ஐ என்ன பண்றதுன்னு கேட்டாங்க. ஹேவா இருந்தா களை விதை இருக்கும், தோட்டத்துல போட முடியாது, வைக்கோல்ங்கறதால நானே ஆறு கட்டை எடுத்துட்டு வந்து பூண்டு நட்ட பாத்தி மேல மூடாக்கு போட்டேன். மிச்சத்தை அந்தம்மா ஸ்ட்ராபெரிக்கு எடுத்துக்கிட்டாங்க. ஜமக்காளம் ஒண்ணு இன்னும் திரும்பி வரல, கேக்கவும் மனசில்ல, போன வாரம் போனப்ப அவங்க வராந்தா ஊஞ்சல்ல விரிச்சிருந்துச்சு.